கோட்டுக்கு இந்தப் பக்கம்

இரண்டாம் தடவை உள்ளே போயிருக்கக் கூடாது. மாசானமுத்து போனார். ஆட்டம் போயிற்று. அவ்வளவுதான். இதில் யோசிக்க ஒன்றுமில்லை என்று நினைத்தபடி தூங்குமூஞ்சி மரத்தடி சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து அதையேதான் யோசித்துக்கொண்டிருந்தார். எதிரே மைதானம் காலியாகக் கிடந்தது. கோட்டுக்குப் போட்ட சுண்ணாம்பு ஒரு இடத்தில் மட்டும் கலைந்திருந்தது. அவர் கால் பட்ட இடம். பேஸ்பால் தெரியாத ஆளுக்கு இதைச் சொல்வதென்றால், தெரிந்த ஆள் யார் இருக்கிறான், முப்பத்திமூன்று வருஷம் ஒரு கல்லூரியில் இதையே சொல்லிக்கொடுத்தும் ஊரில் பாதிப்பேர் இன்னும் கிரிக்கெட் மாதிரியா சார் என்றுதான் கேட்கிறான், இல்லை என்பார், அதற்கு மேல் விளக்கமாட்டார், சொல்வதென்றால் நடுவில் ஒரு மேடு. அதில் பந்து வீசுகிற பையன் நிற்பான். பிட்சர். அவன் தடுமாறினால் பயிற்சியாளர் கோட்டைத் தாண்டிப் போய் இரண்டு வார்த்தை சொல்லலாம். ஒரு இன்னிங்ஸுக்கு ஒரு தடவை. அதே இன்னிங்ஸில் இன்னொரு தடவை போனால் அந்தப் பையனை இறக்கிவிட்டு வேறு ஆளை ஏற்றவேண்டும். மேடுவரை போகவேண்டும் என்றுகூட இல்லை. கோட்டைத் தாண்டினாலே கணக்குதான். சின்னப் பிள்ளைக்குத் தெரியும். முதல் வருஷப் பையன் சேர்ந்த மறுநாளே அவர் சொல்லிக்கொடுக்கிற விதி. அவரே தாண்டினார்.

கடைசி இன்னிங்ஸ். ஒரு ரன் முன்னால். இன்னும் ஒரே ஆளை வெளியேற்றினால் கோப்பை. முப்பத்திமூன்று வருஷத்தில் கையில் வராத கோப்பை. மே மாதத்தோடு ஓய்வு, இனி வரப்போவதும் இல்லை. மேட்டில் உச்சிமாகாளி நின்றான். காலையிலிருந்து எதிரணியைத் திணறடித்த பயல், திடீரென்று பந்து குறிக்கு வெளியே வெளியே போக ஆரம்பித்தது, எதிரணிக்காரன்கள் அடிக்காமலே, ஓடித் தொடவேண்டிய பேஸுக்குச் சும்மா நடந்துபோனான்கள். அப்போது ஒரு தடவை போனார். "மூச்சு விடுடே. நீ மூச்சே விடல." "விடுதேன் சார்." "எங்க விடுத. தோளை இறக்கு." திரும்பி வந்தார். அதுவரை சரி. அடுத்து ஒரு பந்து நல்லா விழுந்தது. அதுக்கு அடுத்தது வெளியே போனது. அப்போது பையன் திரும்பி அவரைப் பார்த்தான். சும்மா பார்த்தான். வாயைத் திறக்கவில்லை. கண் மட்டும். கழுத்தை அசைக்க முடியாத ஆள் கண்ணை மட்டும் வாசல் பக்கம் திருப்புகிற மாதிரி. அந்தப் பார்வையை எங்கே பார்த்தோம் என்று யோசிக்கக் கூடாது. யோசிக்கக் கூடாது என்று நினைத்தபோதே கால் போய்விட்டது. பாதி வழியில்தான் அவருக்கே உறைத்தது. நின்றார். திரும்பிவிடலாம் என்று பார்த்தார். அதற்குள் அந்தப் பக்கத்துப் பந்தலிலிருந்து எதிரணிப் பயிற்சியாளர் கையைத் தூக்கிவிட்டான். "அம்பயர். ரெண்டாவது தடவை." சத்தம் போடவில்லை. கணக்கு வாத்தியார் விடை சொல்கிற மாதிரி. அம்பயர் மாசானமுத்துவைப் பார்த்தார், வருத்தமாகத்தான் பார்த்தார், விதி விதிதான். பையன் பந்தை மாசானமுத்துவின் கையில் வைத்துவிட்டு இறங்கினான். பையன் கை சூடாக இருந்தது. அடுத்து ஏறிய பையன் முதல் வருஷம், கை சூடேறாதவன், அவனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. இரண்டாவது பந்து கொட்டகைக்கு மேல் போய் விழுந்தது. கையைத் தூக்கியவன் மாசானமுத்துவின் மகன். ஒரே மகன். மூன்று வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. அவன் வாயிலிருந்து இத்தனை நாளைக்குப் பிறகு அவர் காதில் விழுந்தது இதுதான். அம்பயர், ரெண்டாவது தடவை.

டீ வருமா என்று பார்த்தார். வராது போல. வராந்தாக் கோடியில் விளையாட்டுத்துறை அறை. கதவுக்குப் பச்சைத் திரை. உள்ளே பல்கலைக்கழக அணிக்கு ஆள் எடுக்கிற மூன்று பேர் உட்கார்ந்திருக்கிறான்கள். கோப்பை போனால் போகட்டும், அதை வைத்து எவன் சோறு தின்றான். இந்த அறைதான் விஷயம். உச்சிமாகாளிக்குக் கடைசி வருஷம். பல்கலைக்கழக அணியில் பேர் வந்தால் சான்றிதழ். சான்றிதழ் இருந்தால் போலீஸில் விளையாட்டு ஒதுக்கீடு. இல்லாவிட்டால் அவனும் அவன் அம்மாவோடு உட்கார்ந்து பீடி சுற்றவேண்டியதுதான், சுற்றவும் தெரியாது அவனுக்கு, விரல் பந்து பிடித்தே பழகிவிட்டது. நேற்றுவரை அவன் பேர் உறுதி. இப்போது அந்த மூன்று பேர் என்ன பேசுவான்கள் என்று அவருக்குத் தெரியும். அவரும் அந்த நாற்காலியில் இருந்தவர்தான். கடைசி நேரத்தில் சொந்தப் பயிற்சியாளரே இறக்கிட்டார்னா என்ன அர்த்தம், தோள்ல ஏதோ கோளாறு இருக்கு, வெளியூர் கூட்டிப்போய் அவஸ்தைப்பட முடியாது, அடுத்த பேரைப் பாருங்க. இவ்வளவுதான் பேச்சு. இந்நேரம் பேசி முடித்திருப்பான்கள். எழுந்து போய்த் திரையை விலக்கி, தோள் நல்லாருக்கு, தப்பு என்னோடது என்று சொல்லவேண்டும். நாலு வார்த்தை. போகலாம். இந்தா போகிறேன். எல்லாக் கதவுக்கும் ஏன் பச்சைத் திரையே போடுகிறான்கள். வேறு நிறமே கிடைக்காதா.

பையன்கள் மரத்துக்கு அந்தப் பக்கம் பைகளைக் குவித்துப் போட்டு உட்கார்ந்திருந்தான்கள். அவர் இருப்பது தெரிந்தே மெதுவாகப் பேசினான்கள். "ஏலே மாகாளி, அழுதியா?" "வேர்வைலே." "வேர்வை கண்ணுலருந்தா வருது ஒனக்கு?" "ஒனக்கு மூளையிலருந்து வருதுல்லா, அது மாதிரி." யாரோ சிரித்தான், சிரிப்பு பாதியில் நின்றது. பிறகு உச்சிமாகாளி எழுந்து வந்தான். எதிரே நின்றான். "சார், கிளம்புவோமா? பேரு சொல்லும்போது இங்க இருக்கணும்னு இல்ல." "உக்காருடே." உட்காரவில்லை. "என் கை நல்லாத்தான் சார் இருந்துச்சு." "தெரியும்." "அடிக்க நின்ன ஆளு பந்து கிட்டக்கயே வரமாட்டான் சார். காலையில மூணு தடவை அவனைத் தூக்கிட்டேன்." "தெரியும்டே." பையன் கீழே பார்த்தான். "பெறவு ஏன் சார் வந்தீங்க?" "சும்மா" என்றார். பையன் தலையை ஆட்டினான், புரிந்த மாதிரி. ஒன்றும் புரிந்திருக்காது. திட்டியிருந்தால் தேவலை. முப்பத்திமூன்று வருஷமாக அவர் பையன்களைத் திட்டியிருக்கிறார், ஒருத்தனாவது திருப்பித் திட்டினானா. போய் உட்கார்ந்துகொண்டான். முதுகு மட்டும் தெரிந்தது. சட்டை ஈரம் காய்ந்து உப்புப் பூத்திருந்தது.

பிழைப்புக்கு வந்த ஆட்டம் இது. அவர் கபடிக்காரர். உடற்கல்வி இயக்குநராக வேலைக்குச் சேர்ந்த புதிதில் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பெரிய அட்டைப்பெட்டி வந்தது. பிரித்தால் பந்து, மட்டை, கிளவுஸ். கிளவுஸ் எல்லாமே இடது கைக்கு. ஒன்றுகூட வலது கைக்கு இல்லை. நடுவில் எவனோ வலது கை ஜோடியை அமுக்கிவிட்டான் என்று கொதித்துப்போய்ப் பல்கலைக்கழகத்துக்குக் காரசாரமாகப் புகார் எழுதினார், பதில் வராததால் இன்னொன்றும் எழுதினார். இடது கையால் பிடித்து வலது கையால் எறிகிற ஆட்டம் என்று மதுரையிலிருந்து வந்த ஒருத்தர் சொல்லித்தான் தெரிந்தது. அந்த ஆள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. அன்று ராத்திரி வீட்டில் மனைவி ஆவுடையம்மாளிடம் சொன்னார். அவளும் சிரித்தாள், ஆனால் அது வேறு சிரிப்பு, வாயைச் சேலைத்தலைப்பால் மூடிக்கொண்டு, தோள் மட்டும் குலுங்க. அதற்கப்புறம் விதிப் புத்தகத்தை மனப்பாடம் பண்ணினார். இனி ஒருத்தனும் சிரிக்கக் கூடாது. கறையான் புற்று மண்ணைக் கொண்டுவந்து தண்ணீர் தெளித்து அடித்து மேடு போட்டார், மழைக்குக் கரையாத மேடு, இன்றைக்கும் அவர் கல்லூரியில் இருக்கிறது. கோடு அவரே போடுவார். எவனையும் விடமாட்டார். மகனுக்கு எட்டு ஒன்பது வயசு இருக்கும்போது அடுக்களைத் தரையில் புளியங்கொட்டையைப் பரப்பி ஆட்டம் சொல்லிக்கொடுத்தார். இது பிட்சர். இது நான். நான் ஒரு தடவை வரலாம். ரெண்டாவது தடவை வந்தா? பையன் பிட்சர் கொட்டையைச் சுண்டிவிட்டான், அது அடுப்புக்கடியில் போயிற்று. "அவன் அவுட்டுப்பா." அவுட்டு இல்லலே, இறக்கிடணும். அடுப்புக்கடியில் கையை விட்டு எடுத்துக்கொடுத்தவள் அவள்தான். "அவனையும் உங்க ஆட்டத்துல சேர்த்து வெயிலடி படவைங்க" என்றாள். இல்லை. வெயில் என்று அவள் சொல்லமாட்டாள். காங்கை என்பாள். காங்கையில அலையவைங்க என்றாள். ஆயுசுக்கும் அப்படித்தான்.

விதி தெரிந்தவனுக்கு விதியை மீறிய இடமும் தெரியும், மீறாத இடமும் தெரியும். மீறாத இடம்தான் தூங்கவிடாது. மூன்று வருஷத்துக்கு முன்னால் மதுரையில் ஆஸ்பத்திரி. தீவிர சிகிச்சைப் பிரிவு. வாசலில் பச்சைத் திரை, காவலாளி, எழுதிப் போட்ட பலகை. ஒருவர். காலையில் ஒரு தடவை. மாலையில் ஒரு தடவை. காலையில் போனார். ஆவுடையம்மாள் தலைக்கு ஒரு துணித் தொப்பி போட்டிருந்தான்கள், அவள் மாதிரியே இல்லை. வாயில் குழாய். பேச முடியாது. பார்த்தாள். பக்கத்தில் நின்றார். கையைப் பிடிக்கலாமா, ஊசி எதுவும் விலகிவிடுமோ. "சாயங்காலம் வாரேன்" என்றார். கண்ணை மூடித் திறந்தாள். வெளியே வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். மத்தியானம் நர்ஸுகள் வேகமாக உள்ளே போனார்கள். எழுந்து நின்றார். காவலாளி கையைக் காட்டினான். உட்கார்ந்தார். பலகையைப் படித்தார். எழுத்து நன்றாகத்தான் எழுதியிருந்தான். மகன் அப்போதுதான் வந்து சேர்ந்தான், பஸ் தூசியோடு, காவலாளியிடம் ஏதோ கேட்டான், சண்டை போட்டான், இவர் பக்கம் திரும்பினான். "ரூலு ரூலுன்னு உக்காந்திருக்கீங்களேப்பா." திரையைத் தள்ளிக்கொண்டு போய்விட்டான். அவர் போகவில்லை. ஒருவர் என்று போட்டிருந்ததே. ஒருவன் உள்ளே போய்விட்டானே. இது ஒரு காரணமா. இதை எவனிடம் போய்ச் சொல்வது. கொஞ்ச நேரத்தில் அவன் வெளியே வந்தான். மெதுவாக வந்தான். "வாசலையே பாத்துட்டு இருந்தா" என்றான். "நான் வந்தது தெரிஞ்சும் வாசலைத்தான் பாத்தா. உங்களைத் தேடுனாப்பா." அதுதான் அவன் அவரிடம் கடைசியாகப் பேசியது. எரியூட்டி முடிந்து வீட்டுக்கு வந்து பையை எடுத்துக்கொண்டு போனவன்தான். அவரும் கூப்பிடவில்லை. என்ன சொல்லிக் கூப்பிடுவது.

எழுந்தார். முழங்கால் சொடக்கு விட்டது. வராந்தாவில் ஏறினார். திரைக்கு இந்தப் பக்கம் நின்றார். உள்ளே ஒருத்தன் சிரிக்கிறான், டம்ளர் சத்தம் கேட்கிறது, டீ அங்கே போயிருக்கிறது. விலக்கவேண்டியதுதான். கையைத் தூக்கினார். தேர்வாளர் அறைக்குள் அவர் யாருக்காகவும் போனதில்லை. எவனையும் போகவிட்டதும் இல்லை. ஒரு வருஷம் அவரே தேர்வாளராக இருந்தபோது மகன் பேர் வந்தது. எழுந்து வெளியே போனார், அதுதான் முறை, போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்தார். வந்தபோது மகன் பேர் இல்லை. ஏன் என்று கேட்கவில்லை. கேட்டால் சிபாரிசு. ஆவுடையம்மாள் கேட்டாள். "நீங்க எந்திரிச்சுப் போனிய, அது சரி. திரும்பி வந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா." கேட்டிருக்கலாம். இப்போது கேட்கலாம். தோள் நல்லாருக்கு. தப்பு என்னோடது. ஏன் சார் உள்ள போனீங்க என்று இவன்களும் கேட்பான்கள். சும்மா என்று சொல்ல முடியாது. வாயைத் திறந்தால் வார்த்தை வருமா வேறு ஏதாவது வருமா என்று அவருக்கு நிச்சயமில்லை. மூன்று பேர் முன்னால். டீ டம்ளரோடு உட்கார்ந்திருக்கிறவன்கள் முன்னால். கையைக் கீழே போட்டார். இறங்கி வந்துவிட்டார். பெஞ்சில் உட்கார்ந்தார். வெட்கமாக இருந்தது. வெட்கம்கூட இல்லை, அதற்கும் கீழே எதுவோ. உள்ளே போகக் கூடாத இடத்துக்கு ஓடிப்போகிற கால், போகவேண்டிய வாசலில் ஒவ்வொரு தடவையும் இப்படி வேர்விட்டுப்போகிறது. இந்தக் காலை வெட்டி எறிந்தால்தான் என்ன.

அப்போது மகன் மைதானத்தைக் குறுக்கே கடந்து வந்தான். கழுத்தில் விசில். தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்திருந்தான். நரைத்திருக்கிறது. எப்போது நரைத்தான். நடை அவளுடைய நடை, வலது குதிகால் கொஞ்சம் வெளியே விழும், செருப்பு ஒரு பக்கமாகவே தேயும். மரத்தடியைத் தாண்டும்போது இந்தப் பக்கம் பார்க்கவில்லை. பார்க்காமலிருக்க முயல்கிறவன் கழுத்து எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். வராந்தாவில் ஏறினான். தயங்கவேயில்லை. திரையைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனான். போகட்டும். ஜெயித்தவன். அவன் பிள்ளைகளுக்குப் பேசப் போகிறான், பேசவேண்டியதுதான், அவன் சம்பாதித்தது. உள்ளே குரல் ஏறியது. டம்ளர் சத்தம் நின்றது. என்ன பேசுகிறான் என்று இங்கே கேட்கவில்லை. மாசானமுத்து மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டார். கேட்கவில்லை. அவன் குரல் கரகரத்திருக்கிறது, அவர் குரல் மாதிரியே ஆகிவருகிறது, இன்னும் பத்து வருஷத்தில் பையன்கள் பயப்படுவான்கள். பிறகு வெளியே வந்து வந்த வழியே போய்விட்டான். கொஞ்சம் கழித்து ஒருத்தர் கதவுக்கு வெளியே நின்று பேர்களைப் படித்தார். பையன்கள் முண்டியடித்துக்கொண்டு ஓடினான்கள். இவர் போகவில்லை. எண்ணெய்ப் பிசுக்காக நாக்கில் ஏதோ ஒட்டியிருந்தது, காலையில் தின்ற வடையாக இருக்கும்.

ரூபன் ஓடிவந்தான். கேட்சர், அணித் தலைவன், பந்து பட்டுப் பட்டு விரல் மூட்டெல்லாம் புடைத்தவன். மூச்சிரைத்தது. "சார், மாகாளி பேரு சொல்லிட்டாங்க." மாசானமுத்து அவனைப் பார்த்தார். "சரியாக் கேட்டியா?" "கேட்டேன் சார். அவன் அங்கயே உக்காந்துட்டான், எந்திரிக்க மாட்டேங்கான்." "எப்படிடே வந்துச்சு பேரு?" "மொதல்ல இல்லியாம் சார். பேரை அடிச்சுட்டாங்களாம். அந்தக் காலேஜ் சார்தான் உள்ள போயி…" நிறுத்தினான். அவன் யார் மகன் என்று அணியில் எல்லாருக்கும் தெரியும். "சொல்லுடே." "அந்தப் பையன் தோள்ல ஒண்ணுமில்ல, காலையிலருந்து எங்க பசங்களால அவனைத் தொட முடியல, அவனை இறக்குனது எங்க அப்பா பண்ண தப்பு, அதுக்கு அவன் பேரை அடிக்காதீங்கன்னாராம். டீ கொடுக்கப் போன அண்ணன் சொன்னாரு." "எங்க அப்பான்னா சொன்னான்?" என்று கேட்டார் மாசானமுத்து. "ஆமா சார். அப்படித்தான் சொன்னாராம்."

மைதானத்தின் அந்தப் பக்கம் அவன் குனிந்து பேஸ் மெத்தைகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தான். ஆணியை உதைத்துத் தளர்த்தி, மண்ணைத் தட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக. பையன்களை விடமாட்டான் போல. அவரோடு பேசியதாகாது இது. பேசுவான் என்றும் இல்லை. அவள் வாசலைப் பார்த்துக்கொண்டு கிடந்ததை எவனும் எந்த அறைக்குள் போய்ப் பேசியும் மாற்ற முடியாது, அது அங்கேயேதான் இருக்கும், இவர் இருக்கிறவரை. மகனுக்கு அவர் அப்பாவின் பேரைத்தான் வைத்தது. மாமனார் பேர், அதனால் ஆவுடையம்மாள் ஒரு நாளும் மகனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, தம்பி என்பாள், பெரியாளு என்பாள், கோபம் வந்தால் இங்கரு என்பாள். வீட்டில் அந்தப் பேர் சொல்லிக் கூப்பிடுகிற வாய் இவருடையது ஒன்றுதான். இவரும் விட்டபிறகு அந்த வீட்டில் மூன்று வருஷமாக அந்தப் பேர் எவர் வாயிலும் வரவில்லை. "அந்தக் காலேஜ் சார் நல்லவருதான் சார்" என்றான் ரூபன், எதையாவது சொல்லவேண்டும் என்று.

"என்னடே அந்தக் காலேஜ் சாரு, அந்தக் காலேஜ் சாருன்னுட்டு. பேரு இருக்குல்லா" என்றார். "வெயிலுமுத்து."